பிரிக்காத பொட்டலம்

நம் வகுப்புக் குழுவில் போன வாரம் ஒருத்தி அந்தப் பழைய படத்தைப் போட்டிருந்தாள். மூன்று வரிசையாக நாம் எல்லோரும், நடுவில் நாற்காலியில் கணக்கு டீச்சர். ஆண்டு விழாவுக்கு எடுத்தது என்று நான்கு பேர் எழுதினீர்கள். பிரிவு உபசாரத்துக்கு என்று இரண்டு பேர். ஒருத்தி தன் இரட்டைச் சடையைப் பார்த்துவிட்டு, அழும் பொம்மை முகங்களாகப் பத்துப் பதினைந்து போட்டாள்.

இரண்டும் இல்லை. அது காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரத்து வியாழக்கிழமை, மதிய இடைவேளைக்குப் பிறகு. பரீட்சை நுழைவுச் சீட்டுக்குப் படம் எடுக்க வந்த ஆளை டீச்சர் மடக்கிப் பிடித்து, எல்லோரையும் சேர்த்து ஒன்று எடுக்கச் சொன்னார். நம்பாதவர்கள் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். இரண்டாம் வரிசையில் இடமிருந்து ஐந்தாவது நான். என் வலது மணிக்கட்டில் ஒரு கோடு தெரியும். அது கோடு இல்லை, மஞ்சள் கயிறு. வெள்ளிக்கிழமை கட்டி, அடுத்த சனிக்கிழமை குளிக்கும்போது அறுந்துபோன கயிறு. அதற்கு நடுவில் ஒரே ஒரு வியாழக்கிழமைதான் உண்டு.

ஆண்டை எழுத மாட்டேன். எழுதினால் நம் வயதைப் பேரப்பிள்ளைகள் கூட்டிக் கழித்துப் பார்த்துவிடும் என்று நீங்களே சண்டைக்கு வருவீர்கள்.

கிழமை எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள், உங்களுக்குத்தான் தெரியுமே. அப்பா கடையில் தினமும் கிழிக்கும் நாள்காட்டித் தாளை வாங்கி, அதன் பின்பக்கத்தில் அன்று நடந்ததை எழுதிவைக்கும் கிறுக்கு எனக்கு ஒன்பதாம் வகுப்பிலேயே பிடித்துவிட்டது. அந்தத் தாள்களில் பாதிக்கு மேல் பின்னாளில் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தபோது கூழாகிப் போயிற்று. பிஸ்கட் டின்னில் இருந்தவை மட்டும் பிழைத்தன. நான் சொல்லப்போகும் ஆவணி, புரட்டாசித் தாள்கள் அந்த டின்னில் இருந்தவை.

டீச்சரில் இருந்து தொடங்குகிறேன். அவர் தருவைகுளத்துக்காரர். முதல் பஸ்ஸில் வருவார். கழுத்தில் மெல்லிய சங்கிலியில் சிறு சிலுவை. கையில் எப்போதும் ஒரு துணிப்பை. மற்ற டீச்சர்கள் நம்மைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள், இவர் வீட்டுப் பெண்ணைக் கூப்பிடுவது போல ‘ஏளா’ என்பார். அதனாலேயே அவரை நமக்குப் பிடித்தது, அதனாலேயே தலைமையாசிரியைக்குப் பிடிக்கவில்லை.

நிகழ்தகவு தொடங்கிய அன்று அவர் பலகையில் ஒன்றும் எழுதாமல் கேட்டார்.

“ரெண்டு காசைச் சேத்துச் சுண்டுதேன். என்னென்ன விழலாம்?”

உப்பளத்துக் கணக்குப்பிள்ளை மகள் எழுந்தாள். அவள் எப்போதும் முதலில் எழுவாள். இப்போதும் குழுவில் காலை வணக்கம் முதலில் போடுவது அவள்தான்.

“மூணு டீச்சர். ரெண்டும் பூ, ரெண்டும் தலை, ஒண்ணு பூ ஒண்ணு தலை.”

“அப்ப ரெண்டும் பூ விழ?”

“மூணுல ஒண்ணு.”

வகுப்பே ஆமாம் என்றது. நானும்தான். டீச்சர் தப்பு என்று சொல்லவில்லை. பையில் கைவிட்டு ஒரு சதுர ஐந்து பைசாவும், ஓரம் நெளிநெளியாக இருக்கும் ஒரு பத்து பைசாவும் எடுத்தார். இரண்டும் இன்று எங்கும் இல்லை. விரலில் எடுத்தால் காகிதம் போல் கனமே இல்லாமல் இருக்கும்.

“அஞ்சு பைசா பூ, பத்து பைசா தலை. இது ஒண்ணு. அஞ்சு பைசா தலை, பத்து பைசா பூ. இதும் அதும் ஒண்ணாளா?”

“ஒண்ணுதான டீச்சர். எப்படியும் ஒரு பூ, ஒரு தலை.”

“சரி. இன்னைக்கு உன் தட்டுல மீனு, உன் தங்கச்சி தட்டுல வெறுஞ்சோறு. நாளைக்கு மாத்தி வைக்கேன். ரெண்டு நாளும் ஒண்ணா?”

கணக்குப்பிள்ளை மகள் கொஞ்சம் யோசித்தாள்.

“இல்ல டீச்சர். அவ தட்டுல மீனு வச்ச அன்னைக்குச் சண்டை வரும்.”

வகுப்பு சிரித்து அடங்கப் பல நிமிடம் ஆயிற்று. பிறகு பலகையில் நான்கையும் எழுதி, சுற்றி ஒரு நெளிந்த அடைப்பு போட்டார். “இதுதான் கூறுவெளி. நடக்கக்கூடியது அத்தனையும் இதுக்குள்ள இருக்கணும். ஒண்ணு விட்டாலும் தப்பு, இல்லாததைச் சேத்தாலும் தப்பு. இதை எழுதாம எவளும் எங்கிட்ட விடை சொல்லக் கூடாது.” அதன்பின் மீதிப் பாடவேளை முழுக்கப் பெஞ்சு பெஞ்சாகச் சுண்டினோம். காசு பெஞ்சுக்கடியில் உருள, ஆளுக்கு ஆள் தரையில் தவழ, என்ன சத்தம் என்று தலைமையாசிரியை வந்து வாசலில் நின்றார். “கணக்கு நடக்கு, மேடம்” என்றார் டீச்சர், தானும் குனிந்து ஒரு காசைத் தேடியபடி.

ஆவணிக் கடைசியில் ஒரு வகுப்புத் தேர்வு. ஐந்து மதிப்பெண் கேள்விக்கு விடையை மனத்திலேயே போட்டு ஒரே வரியில் எழுதினேன். விடை சரி. மதிப்பெண் பூஜ்யம். பக்கத்தில் சிவப்பு மையில் இரண்டு சொல்: ‘கூறுவெளி எங்கே?’

தாளைத் தூக்கிக்கொண்டு போய் நின்றேன்.

“விடை சரிதான டீச்சர்?”

“சரிதான். எங்கன இருந்து வந்துச்சு?”

“மனசுக்குள்ள போட்டேன்.”

“உன் மனசை நான் எப்படிளா பிரிச்சுப் பாக்க?”

வகுப்பில் முதல் மதிப்பெண் எனக்கு அந்த முறை போயிற்று. மூன்று வாரம் நான் அவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அந்தத் தேதித் தாளில் அவரைப் பற்றி எழுதியிருப்பதை இங்கே எடுத்து எழுத எனக்கு இப்போது வெட்கமாக இருக்கிறது.

இனி வீட்டுக்கு வருகிறேன். அப்பாவின் கடை பழைய துறைமுகத்துக்குப் போகிற பாதையில். தோணிகளுக்கும் லாஞ்சுகளுக்கும் வேண்டிய கயிறு, தார்ப்பாய், கப்பி. உள்ளே நுழைந்தால் தாரும் தேங்காய் நாரும் கலந்த வாசம் மூக்கில் ஏறும். அப்பா வீட்டுக்கு வந்து குளித்த பின்னும் அவர் சட்டையில் அது இருக்கும். அப்பாவுக்கு ஒரு பழக்கம். வெளியே புதுசாகவும் உள்ளே நைந்ததாகவும் சுருள் சுற்றி விற்கிறவர்கள் உண்டு என்பதால், யார் வந்து கேட்டாலும் சுருளின் உள்முனையை இழுத்து வெளியே போட்டுக் காட்டிவிட்டுத்தான் விலை பேசுவார். “அவசரம் அண்ணாச்சி, கட்டிக் குடுங்க” என்று நிற்கிறவரையும் விடமாட்டார். “உள்முனையைப் பாத்துட்டுப் போரும். நடுக்கடல்ல வந்து எங்கிட்ட கேக்க முடியாது.”

அக்கா அப்போது கல்லூரியில் வேதியியல் கடைசி வருஷம். அவள் தாவணிகளில் எல்லாம் அமிலம் தெறித்த பொட்டு ஓட்டைகள் இருக்கும். அம்மா அதைக் காட்டித் திட்டுவாள். அக்கா அதைக் காட்டிப் பெருமைப்படுவாள். புரட்டாசி தொடக்கத்தில் அவளுக்கு ஏரல் பக்கத்து இடம் ஒன்று வந்தது. மாப்பிள்ளைக்கு மெட்ராஸில் பலசரக்குக் கடை. நல்ல குடும்பம்தான். தையில் கல்யாணம் வைக்க வேண்டும் என்றார்கள். அக்காவின் கடைசிப் பரீட்சை சித்திரையில். ‘பரீட்சை எதுக்கு, கடைக்குக் கணக்கு எழுத இதுவே போதும்’ என்று மாப்பிள்ளையின் அம்மா சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார்.

அப்பா முடிவெடுக்க முடியாமல் ஒரு வாரம் சுருட்டும் கையுமாக இருந்தார். அப்போது அத்தைதான் சொன்னாள், “அம்மன்கிட்ட பூக் கேட்டிருவோம் அண்ணே.”

அத்தை அப்பாவின் தங்கை. கல்யாணம் ஆகாமல் எங்கள் வீட்டிலேயே இருந்தாள். அப்போது அவளுக்கு நாற்பது இருக்கும். பூக்கட்டுவதில் அவள் விரல் வேகத்தை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. அவள் ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று நாங்கள் கேட்டதும் இல்லை. வீட்டில் இருக்கும் பீரோவைப் பற்றி யாராவது ஏன் இங்கே இருக்கிறது என்று கேட்பார்களா?

பூக் கேட்பது உங்களில் பலர் வீட்டிலும் உண்டு. எங்கள் குடும்பத்து முறை இது. ஒரு வாழைச் சருகில் வெள்ளை நந்தியாவட்டை, இன்னொன்றில் சிவப்பு அரளி. இரண்டையும் ஒரே அளவில் மடித்து நாரால் கட்ட வேண்டும். கட்டுகிறவர் தனியாக உட்கார்ந்து, பேசாமல் கட்ட வேண்டும். வீட்டுக் கடைசிப் பிள்ளை அம்மன் காலடியில் இருந்து ஒன்றை எடுக்கும். வெள்ளை என்றால் சம்மதம். சிவப்பு என்றால் வேண்டாம். எடுத்ததை மட்டும் பிரிப்பார்கள். எடுக்காததைப் பிரிக்காமல் அப்படியே கோயில் கிணற்றில் போட்டுவிடுவார்கள். அம்மன் சொன்னதற்குப் பிறகு சொல்லாததைப் பார்ப்பது மரியாதை இல்லை என்பது பெரியவர்கள் கணக்கு. பொட்டலம் கட்டுவது அத்தை. கடைசிப் பிள்ளை நான்.

அம்மா என்னிடம் அடுக்களையில் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: “அவளுக்கு இவளை வீட்டை விட்டுத் துரத்தணும். வேற என்ன?” இப்போது நினைத்தால், அம்மா நான் அறிய ஆளைத் தப்பாக எடைபோட்டது அந்த ஒரு முறைதான். ஆனால் அந்த எடையை நானும் அப்படியே வாங்கிக்கொண்டேன்.

புறப்படுவதற்கு முந்தின நாள் மத்தியானம் மாடியில் துணி எடுக்கும்போது அக்கா கேட்டாள்.

“ஏளா, நீதான எடுக்கப் போற. பாதிக்குப் பாதிதான?”

“பாதிக்குப் பாதிதான்க்கா. ரெண்டு பொட்டலம், அதுல ஒண்ணு சிவப்பு.”

“அப்ப எட்டணா நம்ம பக்கம்” என்று சிரித்தாள். ஆனால் உலர்ந்த தாவணியை மடிக்காமல் முறுக்கிக்கொண்டே நின்றாள்.

கவனியுங்கள். மனசுக்குள் போட்டு விடை சொன்னேன். பூஜ்யம் வாங்கி மூன்று வாரம்கூட முழுதாக ஆகவில்லை.

தசராவின் எட்டாம் நாள், வெள்ளிக்கிழமை. காலையில் அத்தை என்னைப் புறவாசலுக்கு அனுப்பினாள். “நாலு நந்தியாவட்டை பறிச்சிட்டு வா. அரளி ஒண்ணு போதும்.” அரளிச் செடியில் நல்ல பூவாக ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அதிலும் ஓர் இதழில் பூச்சி கடித்த ஓட்டை. பரவாயில்லை என்று அதையே பறித்தேன். அத்தை எல்லாவற்றையும் ஈரத்துணியில் சுற்றி ஓலைப்பெட்டியில் வைத்தாள்.

எங்கள் அம்மன் கோயில் குலசேகரன்பட்டினத்துக்கு மேற்கே, தேரி மணல் தொடங்கும் இடத்தில். திருச்செந்தூரில் பஸ் மாறினோம். தசரா நேரத்துக் குலசை பஸ் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எனக்குப் பக்கத்து இருக்கையில் வேண்டுதலுக்கு வேடம் கட்டிய ஒரு காளி. முகம் முழுக்க நீலம், வாயில் சிவப்பு அட்டை நாக்கு, முதுகில் எட்டு அட்டைக் கைகள். வியர்வையில் நீலம் கரைந்து என் தாவணி ஓரத்தில் ஒட்டியது.

கண்டக்டர் சொன்னார், “ஆத்தா, அந்தப் பக்கத்துக் கையைக் கொஞ்சம் மடக்கு. ஆளு எறங்கணும்.”

“மடங்காது அண்ணாச்சி, ஆணி அடிச்சிருக்கு” என்றது காளி, கட்டைக் குரலில்.

“அப்ப நீ எறங்கி ஏறு. ஒரிஜினல் கையில டிக்கெட்டை வச்சிக்கோ.”

பஸ்ஸே சிரித்தது. அக்காவும் சிரித்தாள். அத்தை மட்டும் ஓலைப்பெட்டியை மடியில் இறுக்கிப் பிடித்தபடி சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோயில் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு வேப்பமரம், ஓட்டுக் கொட்டகை, கல்லில் அம்மன், பக்கவாட்டில் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு. சுற்றிலும் செக்கச்சிவந்த மணல். பனைகளுக்கு நடுவே காற்று அடித்தால் பல்லில் மணல் நறநறக்கும். பூசாரி எங்களுக்குப் பெரியப்பா முறை. அப்பாவைவிடப் பத்து வயது மூத்தவர். அத்தை மரத்துக்குப் பின்னால் உட்கார்ந்து கட்டினாள். இரண்டு பொட்டலமும் காலடிக்கு வந்தன. பூசாரிப் பெரியப்பா என் கையில் மஞ்சள் கயிறு கட்டி, “கண்ணை மூடி எடு தாயி” என்றார்.

எடுத்தேன். பிரித்தார். வெள்ளை.

“அம்மன் சம்மதம்!” என்றார். மணி அடித்தார். அத்தை முந்தானையை வாயில் வைத்து அழுதாள். அப்பா பெருமூச்சு விட்டார், சுமையை இறக்கியவர் மாதிரி. அக்கா கால் விரலால் சிவப்பு மணலில் ஒரு குழி தோண்டிக்கொண்டிருந்தாள்.

“கற்பூரம் எடு” என்று அம்மா என்னை ஓலைப்பெட்டிக்கு அனுப்பினாள். கற்பூரம் அடியில் இருந்தது. ஈரத்துணியைத் தூக்கினேன். அதற்குள், வாடாமல், ஓர் இதழில் ஓட்டையோடு, அந்த அரளி.

ஒரு கணம் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அரளி ஒன்றுதானே பறித்தேன்? அது இங்கே இருந்தால் அங்கே இருப்பது என்ன? அப்புறம் சிவப்பு மையில் எழுதிய இரண்டு சொல் எழுந்து வந்து கண்ணுக்கு முன்னால் நின்றது. அரளியை எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். பூசாரிப் பெரியப்பா மற்றப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு கிணற்றை நோக்கி நடந்துகொண்டிருந்தார்.

“பெரியப்பா, நில்லுங்க! அதைப் பிரிங்க!”

எல்லோரும் திரும்பினார்கள்.

“என்னளா சொல்லுத?”

“மத்ததைப் பிரிச்சுக் காட்டுங்க.”

“அதைப் பிரிக்கக் கூடாது தாயி. முறை இல்ல.”

“வாயை மூடுளா. சாமி முன்னால என்ன பேச்சு இது?” அம்மா என் தோளைப் பிடித்து இழுத்தாள். அத்தையின் முகத்தை நான் பார்த்தேன். பயந்த முகம். அப்போது எனக்கு அது திருட்டு முழியாகத் தெரிந்தது.

அப்பாவிடம் ஓடினேன். சொல்ல வேண்டியது ஒன்றுதான் என்று எனக்குத் தெரிந்தது.

“அப்பா, நீங்க உள்முனையைக் காட்டாம கயிறு குடுப்பீங்களா?”

அப்பா என்னைப் பார்த்தார். என் கையில் இருந்த அரளியைப் பார்த்தார். பிறகு போய்ப் பூசாரிப் பெரியப்பாவின் முன்னால் கை நீட்டினார்.

“குடுங்க அண்ணாச்சி.”

“ஏலே, தெய்வ காரியம்டே.”

“தெய்வம் கோவிச்சா என்னைக் கோவிக்கட்டும். குடுங்க.”

நாரை அறுத்தார். சருகைப் பிரித்தார். உள்ளே நந்தியாவட்டை. வெள்ளை வெளேரென்று, காலையில் நான் பறித்தது.

அப்பாவின் ஒரு உள்ளங்கையில் ஒரு வெள்ளைப் பூ, அடுத்த உள்ளங்கையில் இன்னொன்று.

“என்னளா இது?” என்றார் அத்தையிடம். குரல் உயரவில்லை.

அத்தை மணலில் உட்கார்ந்துவிட்டாள். “இந்த வீட்டுப் பிள்ளைக்குச் சிவப்பு விழக் கூடாது அண்ணே” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பிறகு எவ்வளவு கேட்டும் வேறு பேச்சு இல்லை. அம்மா அவளை ஒரு பார்வை பார்த்தாள். அதற்கு விளக்கம் வேண்டியதில்லை.

பூசாரிப் பெரியப்பாதான் தேறிக்கொண்டு சொன்னார்: “சரி, போவட்டும். நானே கட்டுதேன். ஒரு வெள்ளை, ஒரு சிவப்பு. மறுபடி எடுப்போம்.”

அப்பா கையில் இருந்த இரண்டு பூவையும் அம்மன் காலடியில் வைத்தார். “வேண்டாம் அண்ணாச்சி. ரெண்டுலயும் வெள்ளை இருந்தப்ப, நாங்க கேள்வியே கேக்கல. இப்ப ஒழுங்காக் கட்டினா பாதிக்குப் பாதி. மூணு வருசம் இவ ராத்திரி பகலாப் படிச்சதைப் பாதிக்குப் பாதியில கொண்டு வைக்கவா?” என்றவர் அக்கா பக்கம் திரும்பினார். “கேக்க வேண்டிய ஆளைக் கேக்காம பூவைக் கேட்டுட்டு நிக்கேன். ஏளா, நீ சொல்லு.”

அக்கா தலை நிமிர்ந்தாள்.

“பரீட்சை எழுதணும்ப்பா.”

“எழுது.”

இவ்வளவுதான் நடந்தது. ஏரல்காரர்களுக்கு அப்பா என்ன சொன்னார் தெரியுமா? “அம்மன் இந்த வருசம் பதில் சொல்லல.” பொய் என்று யாரும் சொல்ல முடியாது. அக்கா சித்திரையில் பரீட்சை எழுதினாள், முதல் வகுப்பு. துறைமுகப் பக்கத்து ஆலை ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்து, அதே ஆய்வுக்கூடத்துக்குத் தலைமையாக இருந்து ஓய்வு பெற்றாள். அவள் ஓய்வு பெற்ற நாளின் தாளும் என்னிடம் இருக்கிறது. அமில ஓட்டை விழுந்த ஒரு புடவையைத்தான் வேண்டுமென்றே அன்றும் கட்டிக்கொண்டு போனாள்.

ஊருக்கு வந்து அன்று மாலையே நாள்காட்டித் தாளில் எழுதினேன்: ‘அத்தை ஏமாற்றினாள்.’ கீழே இரண்டு கோடு.

பள்ளி திறந்த வாரம், அந்த வியாழக்கிழமை டீச்சரிடம் சொன்னேன். மூன்று வாரத்துக்குப் பிறகு நானாகப் போய்ப் பேசியது. அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, நோட்டை வாங்கி ஒரு பக்கத்தில் அடைப்பு போட்டு உள்ளே எழுதச் சொன்னார். நான் ‘வெள்ளை, வெள்ளை’ என்று எழுதினேன்.

“சிவப்பு விழ வாய்ப்பு?”

“பூஜ்யம் டீச்சர்.”

“அன்னைக்கு எவ்வளவுன்னு நெனச்ச?”

“பாதி.”

“நல்லா வந்த போ” என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்று, “உங்க அத்தை எதுக்கு அப்படிச் செஞ்சாங்கன்னு கேட்டியா?” என்றார். கேட்கவில்லை என்றேன். “அதையும் பிரிச்சுப் பாக்கணும்லா” என்றார். எனக்கு அது பிடிக்கவில்லை. என் வெற்றியில் தண்ணீர் ஊற்றியது மாதிரி இருந்தது. ஐந்து மதிப்பெண்ணைத் திருத்திப் போடுவீர்களா என்று கேட்டேன். “பூஜ்யம் பூஜ்யம்தான்” என்றார். அன்றுதான் அந்தப் படம் எடுத்தது. அதில் டீச்சர் ஏதோ நினைத்துச் சிரிக்கிற மாதிரி இருப்பதற்குக் காரணம் இப்போது தெரிகிறதா?

கடைக்கு வருகிற தோணிக்காரர்களிடம் எல்லாம் அப்பா இந்தக் கதையைச் சொன்னார். உள்முனையை இழுத்துப் போட்டுக்கொண்டே, “எங்க சின்னவ சாமிகிட்டயே உள்முனையைக் கேட்டவ” என்பார். நான் அந்தப் பக்கம் போனால் முன்பின் தெரியாத மாலுமிகள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். பொது அறிவுக்கோ பேச்சுப் போட்டிக்கோ வாங்கிய எந்தக் கோப்பையும் அப்படி எனக்கு இனித்ததில்லை. அறுபதை நெருங்கும் வயதில் இதைச் சொல்லக் கூச்சமாக இல்லை.

அத்தையோடு நான் இரண்டு மாதம் பேசவில்லை. அவளும் வற்புறுத்தவில்லை. மார்கழி தொடக்கத்தில் ஒரு மத்தியானம் எனக்குக் காய்ச்சல். பள்ளிக்குப் போகவில்லை. அத்தை என் பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து பிச்சி தொடுத்துக்கொண்டிருந்தாள். விரல் ஓடிக்கொண்டே இருக்க, என்னைப் பார்க்காமல் பேசினாள்.

“ஏளா, எனக்கும் பூக் கேட்டாங்க. அதே கோயில்ல. எனக்கு இருபது வயசு.”

நான் அவள் பக்கம் புரண்டு படுத்தேன்.

“சிவப்பு விழுந்துச்சு. நல்ல எடம். எனக்குப் பிடிச்ச எடம். அதுக்குப் பொறவு ரெண்டு எடத்துக்குக் கேட்டாங்க. ரெண்டுக்கும் சிவப்பு. அப்புறம் கேக்கதையே விட்டுட்டாங்க.”

“யாரு கட்டினா?”

“எங்க பெரியத்தை.” பூவை நூலில் இறுக்கினாள். “மத்தப் பொட்டலத்தைக் கெணத்துல போட்டாங்க. மூணு தடவையும். நீ அங்கன நின்னு பிரிங்கன்னு சொன்ன பாரு, அப்பதான் எனக்குத் தோணிச்சு. என் பொட்டலத்துல என்ன இருந்துச்சுன்னு நான் ஒரு நாளும் கேக்கலியே.”

“வெள்ளைதான் இருந்திருக்கும் அத்தை” என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. மறுபடியும் மனசுக்குள் போட்டு விடை சொன்னேன்.

“இருக்கலாம்” என்றாள். “இல்லாமலும் இருக்கலாம். அந்தப் பெரியத்தைக்கு வீட்டு வேலைக்கு ஆளு வேண்டியிருந்துச்சு.” அவள் கைகள் நிற்கவே இல்லை. “எனக்கு மூணு தடவையும் சிவப்பு விழுந்த பயத்துலதான் உங்க அக்காவுக்கு நான் ரெண்டுலயும் வெள்ளையே வச்சேன். கல்யாணம் வேண்டாம்னு அவளுக்கு இருந்ததை நான் நெனச்சுப் பாக்கல. எனக்கு வேண்டியிருந்ததைத்தான் நெனச்சேன்.”

அன்று மாலை காய்ச்சலோடு எழுந்து பிஸ்கட் டின்னைத் திறந்து அந்த வெள்ளிக்கிழமைத் தாளை எடுத்தேன். இரண்டு கோடு போட்ட வரியை அடித்தேன். அடித்தது தெரியும்படிதான் அடித்தேன். நடந்ததை அழிக்கக் கூடாது என்பது என் விதி. கீழே எழுதினேன்: ‘அத்தை பயந்தாள்.’

வெகுகாலம் கழித்து, சோழர் காலத்துக் குடவோலைத் தேர்தல் பற்றிப் படித்தேன். ஓலைகள் இருக்கும் குடத்தை எல்லோரும் காணும்படி தூக்கிக் காட்ட வேண்டும் என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்களாம். படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன். எனக்கு ஞாபகம் வந்தது சோழர்கள் இல்லை, அத்தை.

ஏனென்றால் அக்காவுக்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் முறை மாறியது, மாற்றியது அத்தை. எனக்கு இருபத்திரண்டு வயதில் ஒரு வரன் வந்தபோது, மாப்பிள்ளை வீட்டார் பூக் கேட்டே ஆக வேண்டும் என்றார்கள். முதலில் அத்தை என்னைக் கேட்டாள். “உனக்குச் சரின்னா மட்டும் கேப்போம்.” எனக்குச் சரிதான் என்றேன்.

அதே வேப்பமரம், அதே மணல். அத்தை மரத்துக்குப் பின்னால் போகவில்லை. அம்மனுக்கு முன்னால், எங்கள் வீட்டாரும் அவர்கள் வீட்டாரும் சுற்றி நிற்க, ஒரு உள்ளங்கையில் நந்தியாவட்டையும் மறு உள்ளங்கையில் அரளியும் வைத்து இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினாள்.

“ஒரு வெள்ளை. ஒரு சிவப்பு. எல்லாரும் பாத்தாச்சா?”

“பாத்தாச்சு” என்றார்கள் சிலர்.

“பின்னால நிக்கவங்க?”

“பாத்தாச்சு, பாத்தாச்சு.”

பூசாரிப் பெரியப்பா முனகினார். அத்தை அதைக் காதில் வாங்காமல், எல்லோரும் பார்க்க அங்கேயே கட்டினாள். அதற்குள் கல்யாணமாகியிருந்த அக்காவின் சின்னஞ்சிறு மகள் எடுத்தாள்.

சிவப்பு.

மாப்பிள்ளை வீட்டார் முகம் மாறி ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். எனக்குக் கண் கலங்கியது. அந்த வரன் எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. பின்னால் வேறு இடத்தில் நல்லபடியாகவே வாழ்ந்தேன், அது உங்களுக்குத் தெரியும். ஆனால் அந்த நிமிடத்தில் அது தெரியாது. அரளியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். யாரோ மற்றப் பொட்டலத்தைக் கிணற்றுப் பக்கம் கொண்டுபோக எடுத்தார்கள். அத்தை கை நீட்டி அதை வாங்கினாள். நாரை அறுத்தாள். சருகைப் பிரித்து, வெள்ளைப் பூவை என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை அதன் மேல் மடித்தாள்.

“பாத்துக்கோ” என்றாள். “இதும் இருந்துச்சு.”